காசோலை எப்போது பணமாகிறது? – வாசகர் கேள்வி பதில்

சிறுதொழில் செய்வோரிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் காசோலை பற்றிய ஐயங்களே மிகுதி. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி காசோலைத் தீர்வு முறையை மாற்றி அமைத்ததும், பழைய முறைக்குப் பழகிய கணக்குகள் பலருக்கும் இப்போது ஒத்துவராமல் போனதும் அதற்குக் காரணங்கள். வங்கியின் கிளியரிங் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வந்தவற்றுள் எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: மோட்டார் உதிரிபாகங்கள் விற்கிறேன். காலையில் போட்ட செக்குக்கு மாலையே பணம் வந்துவிடும் என்கிறார்கள். நான் பிற்பகலில் வங்கி வாசலில் உள்ள பெட்டியில் போட்ட செக்குக்கு மறுநாள் மாலைதான் பணம் வந்தது. தவறு யாருடையது?

பதில்: காசோலையைப் பெட்டியில் போட்ட நேரத்தை நீங்கள் கணக்கில் கொள்கிறீர்கள், வங்கியோ அதை ஸ்கேன் செய்து அனுப்பிய நேரத்தைக் கணக்கில் கொள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் ஒரு நாள் போயிருக்கிறது.

முன்பெல்லாம் காசோலைத் தாளே பயணம் செய்தது. ஒவ்வொரு வங்கியின் ஊழியரும் காசோலைக் கட்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு தீர்வகத்துக்குப் போய், பிற வங்கிகளின் காசோலைகளைக் கொடுத்து, தம் வங்கியின் மீது எழுதப்பட்டவற்றை வாங்கி வருவார். தாளுக்குப் பதில் அதன் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் சி.டி.எஸ். என்னும் முறை 2008-ல் டெல்லியிலும், 2011-ல் சென்னையிலும், 2013-ல் மும்பையிலும் தொடங்கிய பிறகு தாளின் பயணம் நின்றது. இன்று உங்கள் வங்கி காசோலையின் முன்பக்கத்தைச் சாம்பல் நிறப் படமாக ஒருமுறையும் கறுப்பு வெள்ளைப் படமாக ஒருமுறையும், பின்பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறையுமாக, மூன்று படங்கள் எடுக்கிறது. காசோலையின் அடிப்பகுதியில் காந்த மையால் அச்சிட்ட எண் வரிசையையும் இயந்திரம் படித்துக்கொள்கிறது. அந்த வரிசையில் காசோலை எண்ணுக்கு அடுத்து வரும் ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று ஊரையும், நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். படங்களும் இந்த விவரங்களும் என்.பி.சி.ஐ. என்னும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் தீர்வகம் வழியாகக் காசோலை எழுதியவரின் வங்கிக்குப் போகின்றன. தாள் உங்கள் வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அது பத்தாண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி.

2025 அக்டோபர் தொடக்கம்வரை நடைமுறையில் இருந்தது தொகுப்பு முறை. ஒரு நாள் சேர்ந்த படங்கள் ஒன்றாகப் போகும். திரும்ப வேண்டியவை மறுநாள் திரும்பும். அதன் பிறகே உங்கள் கணக்கில் பணம் ஏறும். அப்போது வந்த மாற்றம் இந்தத் தொகுப்பை நீக்கிவிட்டது. இப்போது வேலை நாளில் தீர்வகத்தின் அனுப்பும் நேரம் திறந்திருக்கும்வரை, கிளைகள் ஸ்கேன் செய்யச் செய்யப் படங்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கின்றன. எழுதியவரின் வங்கி ஒவ்வொன்றுக்கும் ‘தரலாம்’ அல்லது ‘தர இயலாது’ என்று அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதி அந்தக் காசோலை தீர்வில் சேர்க்கப்படும். வங்கிகளுக்கிடையே தீர்வு முடிந்ததும், உரிய சரிபார்ப்புகளுக்கு உட்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் தர வேண்டும்.

ஆக, விரைவு உண்மைதான். ஆனால் அந்த விரைவு ஸ்கேன் செய்த பிறகே தொடங்குகிறது. பெட்டியில் விழுந்த காசோலை, கிளை அதைத் திறக்கும் நேரம்வரை பெட்டியில்தான் கிடக்கும். கடைசியாகத் திறக்கும் நேரத்தைப் பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டிப் போட்டால் மறுநாள் கணக்குதான். அவசரமான தொகை என்றால் காலையிலேயே கவுண்டரில் கொடுத்து, சலானின் அடிக்கட்டையில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் நேரில் தரும் காசோலைக்கு ஒப்புகை தர மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீர்வு கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். காகித வியாபாரிக்குத் திங்கட்கிழமை காசோலை கொடுத்தேன். எனக்கு வர வேண்டிய தொகை செவ்வாய்க்கிழமை காலை கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் திங்கள் மாலையே ‘போதிய நிதி இல்லை’ என்று என் காசோலை திரும்பிவிட்டது. இருபது ஆண்டுகளில் இப்படி நடந்ததில்லை.

பதில்: அம்மா, இத்தனை ஆண்டுகளாக உங்களைக் காப்பாற்றி வந்தது அந்த ஒரு நாள் இடைவெளி. இன்று கொடுக்கும் காசோலை நாளைதான் நம் கணக்கைத் தொடும் என்ற நம்பிக்கையில் எண்ணற்ற சிறு வியாபாரிகள் கொடுக்கல் வாங்கல் நடத்தி வந்தார்கள். அதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கையில் முதல் குறைவாக உள்ளவர்கள் நாள்களை வைத்தே தொழில் நடத்துகிறார்கள். ஆனால் அந்த இடைவெளி இப்போது சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. வாங்கியவர் காலையில் போட்டால் மதியத்துக்குள்ளேயே உங்கள் வங்கியின் திரையில் அந்தக் காசோலை நிற்கும். புதிய முறையால் பணம் பெறுபவருக்குக் கிடைத்த நன்மை, பணம் தருபவரின் தோளில் சுமையாக ஏறியிருக்கிறது என்பதைப் பலரும் இன்னும் உணரவில்லை என்பதே என் கவலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பெயருக்கு வந்து, நீங்கள் போட்டு, இன்னும் தீர்வாகாமல் இருக்கும் காசோலையின் தொகை உங்கள் பணம் அல்ல. கைப்பேசியில் தெரியும் மொத்த இருப்பில் அது சேர்ந்து தெரிந்தாலும், எடுக்கத்தக்க இருப்பில் அது இராது. காசோலை எழுதுமுன் பார்க்க வேண்டியது எடுக்கத்தக்க இருப்பை மட்டுமே.

வரவு செவ்வாய்க்கிழமைதான் என்று தெரிந்தால், காகித வியாபாரியிடம் வெளிப்படையாகச் சொல்லி, காசோலையில் புதன்கிழமைத் தேதியை எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதிக்கு முன் அதற்கு வங்கி பணம் தராது. இத்தகைய நெருக்கடி மாதந்தோறும் வருகிறது என்றால், நடப்புக் கணக்கின் மீது, இருப்புக்கு மேலும் எடுக்க இடம் தரும் ஒரு சிறிய ஓவர்டிராஃப்ட் வரம்பு கேட்டுப் பெறுவது நல்லது. ஓரிரு நாள் வட்டி, காசோலை திரும்பியதால் இரு பக்கமும் கட்ட நேரும் கட்டணத்தையும், வியாபாரியிடம் இழக்கும் மதிப்பையும்விடக் குறைவாகவே இருக்கும். பணம் இல்லையே என்று பதற்றத்தில் ‘பணம் தர வேண்டாம்’ என வங்கிக்குத் தடையுத்தரவு கொடுப்பது மட்டும் வேண்டாம். கடன் உண்மையில் இருக்கும்போது தடையுத்தரவால் திரும்பிய காசோலைக்கும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: வாடிக்கையாளரின் கணக்கில் பணம் இருந்தும் காசோலை திரும்பியது. தேதியில் ஓர் இலக்கத்தைத் திருத்தி, பக்கத்திலேயே முழுக் கையொப்பமும் இட்டிருந்தார். முன்பு இது செல்லுமே?

பதில்: முன்பு செல்லும், படத்தை வைத்துத் தீர்வு செய்யும் முறையில் செல்லாது. காசோலையின் காலத்தை நீட்டிப்பதற்காகச் செய்யும் தேதி மாற்றம் ஒன்றைத் தவிர, பெயர், தொகை ஆகியவற்றில் செய்யும் எந்தத் திருத்தமும், கையொப்பமிட்டிருந்தாலும்கூட, சி.டி.எஸ்.-ல் ஏற்கப்படுவதில்லை. விதிவிலக்காக உள்ள அந்தத் தேதித் திருத்தத்திலும் கிளைகள் சந்தேகப்பட்டால் திருப்பி அனுப்பத் தயங்குவதில்லை. பிழை வந்தால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் எழுதச் சொல்வதே வழி.

காரணத்தை விளங்கிக்கொள்ள, எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் அலுவலரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் கையில் தாள் இல்லை. விரலால் தடவிப் பார்க்கவோ, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீர்க்குறியைக் காணவோ முடியாது. தாளில் கண்ணுக்குத் தெரியும் வெளிர் நீல மை, கறுப்பு வெள்ளைப் படத்தில் பாதி அழிந்து தெரியும். நிறுவன முத்திரை கையொப்பத்தின் மேல் பதிந்திருந்தால் இரண்டும் ஒரே கறையாகிவிடும். அந்தக் கறையைக் கணினியில் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டு அவர் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ‘கையொப்பம் வேறுபடுகிறது’ என்று திரும்பிய ஒரு காசோலையின் தாளை வாடிக்கையாளர் என் மேசையில் ஆத்திரத்தோடு வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. தாளில் கையொப்பம் தெளிவாகத்தான் இருந்தது. படத்தில், முத்திரையின் வட்ட விளிம்பு கையொப்பத்தின் முதல் எழுத்தை முழுவதும் விழுங்கியிருந்தது.

எனவே அடர்ந்த நீலம் அல்லது கறுப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். முத்திரையைக் கையொப்பத்துக்குச் சற்று மேலே வைக்கச் சொல்லுங்கள். அடியில் காந்த மை எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் எழுத்து, முத்திரை, ஸ்டேப்ளர் துளை எதுவும் படக் கூடாது. எண்ணிலும் எழுத்திலும் தொகை மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பிவிடும். ஆகவே அந்தச் சட்டப் பிரிவை நம்பி வாங்கிக்கொள்ள வேண்டாம்.

வாடிக்கையாளர் தவறு ஏதும் இன்றி, தொழில்நுட்பக் காரணத்தால் திரும்பிய காசோலையை வங்கியே தானாக அடுத்த தீர்விலேயே, விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மீண்டும் அனுப்ப வேண்டும்; அதற்குக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் எழுத்து மூலம் கேட்டுத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: என் கடையின் பெயருக்குப் பதிலாக என் சொந்தப் பெயரில் ‘அக்கவுண்ட் பேயி’ கோடிட்டுக் காசோலை கொடுத்துவிட்டார்கள். கடையின் நடப்புக் கணக்கில் போடலாமா?

பதில்: முடியாது. அக்கவுண்ட் பேயி என்று கோடிட்ட காசோலையை, அதில் எழுதப்பட்ட பெயருக்கு உரியவரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்க வேண்டும் என்று வங்கிகளுக்குக் கண்டிப்பான உத்தரவு இருக்கிறது. உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டு, தீர்வான பிறகு கடைக் கணக்குக்கு மாற்றி, அந்த மாற்றத்தைக் கணக்குப் புத்தகத்தில் விற்பனை வரவாகக் குறித்துக்கொள்ளலாம். இது பலமுறை நேர்ந்தால், விலைப்பட்டியின் அடியிலேயே ‘காசோலை இந்தப் பெயரில்’ என்று வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்து மாறாமல் அச்சிட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘பாசிட்டிவ் பே’ பதிவு செய்யவில்லை என்று என் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். இது கட்டாயமா?

பதில்: நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலையின் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை உங்கள் வங்கிக்கு நீங்களே முன்கூட்டித் தெரிவித்துவிடுவதுதான் பாசிட்டிவ் பே. காசோலை தீர்வுக்கு வரும்போது இந்த விவரங்களோடு ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் அது உடனே கவனத்துக்கு வரும். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இந்த வசதியை வங்கி தர வேண்டும்; பயன்படுத்துவது உங்கள் விருப்பம். 5 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு உரிமை உண்டு. அப்படிச் செய்த வங்கிகளும் உண்டு. உங்கள் காசோலை திரும்பியது அதனால்தான் இருக்கும்.

கட்டாயம் இல்லாத தொகைக்கும் பதிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். தொகை மாற்றப்பட்டு மோசடி நடந்துவிட்டால், இந்தப் பதிவு உள்ள காசோலைகள் மட்டுமே தீர்வகத்தின் தகராறு தீர்க்கும் ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ளப்படும். காசோலையைக் கையில் கொடுத்த அன்றே கைப்பேசிச் செயலியில் பதிவு செய்துவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால், இப்போதைய வேகத்தில் காசோலை உங்களை முந்திக்கொள்ளும்.

கேள்வி: மொத்தமாகத் துணி வாங்கியவரின் காசோலை திரும்பிவிட்டது. ‘அடுத்த வாரம் மறுபடி போடுங்கள், அண்ணாச்சி’ என்று மூன்று முறை சொல்லிவிட்டார். வழக்குப் போடும் காலம் கடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரிதான், ஆனால் இன்னும் வழி அடைபட்டுவிடவில்லை. காசோலையின் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். முதல் முறை திரும்பியபோது அறிவிப்பு அனுப்பாமல் விட்டிருந்தாலும், கடைசியாகத் திரும்பியதை வைத்து வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது. எனவே முதலில் காசோலையின் தேதியைப் பாருங்கள்.

இனி நாள்கணக்கு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்கு ஏப்ரல் 3 அன்று கிடைத்ததாகக் கொள்வோம். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது மே 3-க்குள், பணம் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒப்புகை அட்டையோடு அஞ்சலில் அனுப்புவது வழக்கம். அவருக்கு அது மே 6 அன்று கிடைத்தால், பணம் தர அவருக்கு 15 நாள், அதாவது மே 21 வரை அவகாசம் உண்டு. அதற்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்தில், ஜூன் 21-க்குள் என்று வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். புகார் கொடுப்பதில் தாமதமானால், தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். அறிவிப்பு அனுப்புவதற்கான 30 நாள் தவறினால் மன்னிப்புக்கு இடமில்லை. சிறு வியாபாரிகள் வழக்கை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாங்கியவர் நல்லவர், பழகியவர் என்று எண்ணியே அந்த முப்பது நாளையும் கடத்திவிடுகிறார்கள். அறிவிப்பு அனுப்பிய பிறகும் சமரசம் பேசலாம். சட்டம் எந்தக் கட்டத்திலும் சமரசத்தை அனுமதிக்கிறது. ஆகவே உறவு கெட்டுவிடும் என்று அறிவிப்பைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

அறிவிப்பில் காசோலைத் தொகையை ரூபாய் பிசகாமல் குறிப்பிடுங்கள். தட்டச்சுப் பிழையால் தொகை மாறியது என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 2025-ல் ஏற்க மறுத்திருக்கிறது. காசோலை வாங்கிய பிறகு அவர் இடையில் ஏதேனும் தொகை கொடுத்திருந்தால் அதை மறைத்து முழுத் தொகைக்கு வழக்குப் போட முடியாது. பெற்ற தொகையைக் காசோலையிலேயே குறித்து, மீதியைத்தான் கேட்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். உங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளையின் எல்லைக்கு உட்பட்டதே. வாங்கியவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குற்றம் உறுதியானால் இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகத் தர உத்தரவிடவும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

வங்கியிலிருந்து திரும்பிய காசோலைத் தாளையும், காரணம் குறித்த ரிட்டர்ன் மெமோவையும், அது உங்கள் கைக்கு வந்த தேதிக்கான சான்றையும், விலைப்பட்டி, சரக்கு ஒப்படைத்த ரசீது ஆகியவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்து, இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: சரக்குக் கடன் தரும் மொத்த வியாபாரி, பாதுகாப்புக்காகத் தொகை எழுதாமல் கையொப்பமிட்ட இரண்டு காசோலைகளைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காமல் முடியுமானால் கொடுக்காதீர்கள். கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை மனமுவந்து கொடுத்தவர், பிறகு வேறொருவர் தொகையை நிரப்பினார் என்ற காரணத்தால் மட்டும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாக்கிவிட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். வேறு வழியில்லை என்றால், அதிகபட்சக் கடன் வரம்பைத் தொகையாக எழுதிக் கொடுங்கள். காசோலை எண்களையும், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும், கணக்குத் தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கு முடியும்போது பழைய காசோலைகள் திரும்ப வந்தனவா என்று அந்தக் கடிதத்தை எடுத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: மேசை இழுப்பறையில் நான்கு மாதங்களுக்கு முந்தைய தேதியிட்ட காசோலை ஒன்று கிடைத்தது. இனி பயனில்லையா?

பதில்: காசோலைக்குப் பயனில்லை, கடன் அப்படியே இருக்கிறது. 2012 ஏப்ரல் 1-க்கு முன் ஆறு மாதமாக இருந்த காலம் அன்று முதல் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. எழுதியவரிடம் பழையதைத் திருப்பிக் கொடுத்து இன்றைய தேதியில் புதிய காசோலை வாங்குங்கள், அல்லது நேரடியாகக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லுங்கள். பழைய தாளிலேயே தேதியை அவர் மாற்றித் தந்தால் சட்டப்படி செல்லும் என்றாலும், மேலே சொன்ன காரணத்தால் அது படத்தில் தடுக்கி விழக்கூடும். புதிய தாளையே கேளுங்கள்.